ஓராண்டுக்குள் மூன்று கணித ஆசிரியர்கள்: தங்கையைப் பாடசாலை மாற்றலாமா?

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயா, எங்கள் வீடு சாமிமலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறது. நான் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். தங்கை தோட்டத்துக்குக் கிட்டிய பாடசாலையில் பதினோராம் தரம் படிக்கிறாள். பத்தாம் தரத்தின் கடைசித் தவணையில் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார். பிறகு வந்த டீச்சர் முதலாந் தவணை முடியும் முன்பே பிரசவ விடுமுறையில் போனார். இப்போது மூன்றாவதாக ஒரு சேர் வந்திருக்கிறார். பத்தாம் தர இறுதியில் கணிதத்துக்கு 61 எடுத்தவள் இந்த ஆண்டு முதலாந் தவணையில் 38 எடுத்திருக்கிறாள். விஞ்ஞானம் 72இலிருந்து 58 ஆகிவிட்டது. தமிழ் 84, வரலாறு 70, ஆங்கிலம் 34. புதிய சேரிடம் சந்தேகம் கேட்டதற்கு, இதெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்க வேண்டும் என்றாராம். அன்றிலிருந்து கேட்பதையே விட்டுவிட்டாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இந்தப் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான் இருக்கின்றன. இப்போதே அழைத்து வந்து வத்தளையில் சித்தி வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா, ஹட்டனில் பெரிய பாடசாலையொன்றில் சேர்க்கலாமா? மாதாமாதம் பணம் கட்டி சூம் வகுப்பிலும் சேர்த்திருக்கிறேன். வலயக் கல்விப் பணிமனைக்குப் பெட்டிசம் எழுதினால் பலன் கிடைக்குமா? அம்மாவும் அப்பாவும் தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறவர்கள். முடிவை என்னிடமே விட்டிருக்கிறார்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதற் கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை தங்கையைப் பாடசாலை மாற்ற வேண்டாம். வத்தளைக்கும் வேண்டாம், ஹட்டனுக்கும் வேண்டாம். உயர்தரத்துக்கு ஹட்டன் போவது வேறு விடயம். அது பெரும்பாலும் தேவைப்படும், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சாதாரண தரப் பரீட்சை பத்தாம், பதினோராம் தரங்கள் இரண்டின் பாடத்திட்டத்தையும் சேர்த்துச் சோதிப்பது. அதில் வரும் ஒன்பது பாடங்களுள் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் நாடெங்கும் பொதுவானவை. மற்ற மூன்றும் பிள்ளை தெரிவுசெய்யும் தொகுதிப் பாடங்கள். இடமாற்றம் இடறிவிடுவது அந்த மூன்றில்தான். உங்கள் தங்கை என்னென்ன தொகுதிப் பாடங்களை எடுத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பரதமும் மனைப்பொருளியலும் என்று வைத்துக்கொண்டால், புதிய பாடசாலையில் அவற்றுக்கு ஆசிரியர் இல்லாதவிடத்து, ஓராண்டுக்கு மேலாகப் படித்த இரண்டு பாடங்களைக் கைவிட்டு, மற்றப் பிள்ளைகள் முடித்துக்கொண்டிருக்கும் வேறு இரண்டைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டி வரும். கணிதத்தில் இருக்கும் ஒரு குறையைத் தீர்க்கப் போய் இன்னும் இரண்டு பாடங்களில் குறையை உண்டாக்கிக்கொள்வது அது. இதைத் தவிர, பரீட்சை விண்ணப்பங்கள் பாடசாலை வழியாகப் பல மாதங்களுக்கு முன்பே பரீட்சைத் திணைக்களத்துக்குப் போய்விடுகின்றன. பாடசாலை மட்டக் கணிப்பீட்டின் பதிவுகளும் படித்த பாடசாலையிலேயே இருக்கும். பதினோராம் தரத்தின் நடுவில் புதிய பிள்ளையொன்றை ஏற்க அதிபர்கள் தயங்குவதற்கு இவையெல்லாம் காரணம். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

வத்தளை யோசனையில் நீங்கள் கவனித்திராத இன்னொரு விடயமும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா மாவட்டம் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. வத்தளை கம்பஹா மாவட்டத்தைச் சேர்ந்தது. கம்பஹா அந்தப் பட்டியலில் இல்லை. மாணவரொருவர் எந்த மாவட்டத்துக்கு உரியவர் என்று தீர்மானிக்கும்போது, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவர் எங்கே படித்தார் என்பது பார்க்கப்படும். அந்த விதிகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் இருக்கின்றன. மாவட்டம் தாண்டிப் பிள்ளையை மாற்ற நினைக்கும் எவரும் அதை ஒருமுறை வாசித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. மருத்துவத்துக்கோ விவசாயத்துக்கோ ஒரே இசட் புள்ளியுடன் (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் ஒப்பீட்டுப் புள்ளி) நுவரெலியாவிலிருந்து உள்ளே போகக்கூடிய பிள்ளை, மேல் மாகாணத்திலிருந்து விண்ணப்பித்தால் வெளியே நிற்க நேரலாம்.

இனிப் புள்ளிகளைப் பார்ப்போம். கணிதம் 61இலிருந்து 38க்கு இறங்கியதும் பிள்ளை படிப்பை விட்டுவிட்டது என்று வீட்டில் பயந்திருப்பீர்கள். பதினோராம் தரத்துத் தவணை வினாத்தாள்கள் பெரும்பாலும் மாகாண மட்டத்தில் பொதுவாகத் தயாரிக்கப்படுகின்றன. ஆசிரியர் ஒருவர் தடையில்லாமல் இருந்து கற்பித்த வகுப்பு அந்தத் தவணை முடிவில் எந்த அலகில் நிற்க வேண்டுமோ, அந்த அலகு வரைக்கும் வினாக்கள் வரும். இடையில் ஆசிரியர் இல்லாதிருந்த வகுப்பில், கற்பிக்கப்படாத அலகுகளிலிருந்து வந்த வினாக்களைப் பிள்ளை வெறுமையாக விட்டிருக்கும். அப்படியானால் 38 என்பது, படித்த பகுதிக்குள் மட்டும் பார்க்கும்போது, மோசமான புள்ளியாக இல்லாமலும் இருக்கலாம். விடைத்தாளைப் பார்த்தால்தான் அது தெரியும். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திய பின் பிள்ளைகளிடம் கொடுப்பது வழக்கம். தங்கையிடம் இருந்தால் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

அதை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சாதாரண தரம் எழுதிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் இரண்டு புள்ளிகள் வீதம் 25 சிறு வினாக்களும், பி பகுதியில் பத்துப் புள்ளிகள் வீதம் ஐந்து வினாக்களும் இருக்கும். இரண்டாம் வினாத்தாளில் இரண்டு பகுதிகளிலும் ஆறு ஆறாக வினாக்கள் தரப்பட்டு, பகுதிக்கு ஐந்தாகப் பத்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். மொத்தம் 200 புள்ளிகள். அதன் பாதிதான் பெறுபேறு. ஏ பகுதியில் நன்றாகச் செய்துவிட்டு இரண்டாம் வினாத்தாளில் முழு முழு வினாக்களை வெறுமையாக விட்டிருந்தால், அந்த அலகுகள் வகுப்பில் நடக்கவில்லை அல்லது நடந்தும் பயிற்சி செய்யப்படவில்லை. ஏ பகுதியிலேயே பாதிக்கு மேல் பிழைத்திருந்தால், குறை இந்த ஆண்டுக்கு உரியது அல்ல. எட்டாம், ஒன்பதாம் தரங்களின் பின்னமும் சதவீதமும் குறியீட்டுக் கணக்கும் தளர்ந்திருக்கின்றன. அதற்கு மருந்தே வேறு. 61 எடுத்த பிள்ளை என்பதால் இரண்டாவது நிலை இருக்காது என்று எதிர்பார்க்கிறேன்.

இப்போது அந்தப் புதிய ஆசிரியர் சொன்ன பதிலுக்கு வருகிறேன். அதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் முகம் வாடும்படி சொல்லியிருந்தால் அது குறைதான். ஆனால் அதற்குள் உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு தகவல் இருக்கிறது. முதலாவது ஆசிரியர் போனது பத்தாம் தரத்தின் கடைசித் தவணையில். ஆகவே பத்தாம் தரத்தின் இறுதி அலகுகள் ஒழுங்காக நடந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டாவதாக வந்தவர் புதிய ஆண்டுக்குரிய முதல் அலகிலிருந்து தொடங்கியிருப்பார், ஏனென்றால் பத்தாம் தரம் முடிந்துவிட்டது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவதாக வந்தவர் இரண்டாமவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறார். எனவே ஆசிரியர் மாறிய இரண்டு இடங்களிலும் பாடம் விட்டுப்போயிருக்கிறது, அதை மூவருமே நேரில் கண்டிருக்க மாட்டார்கள். தொடர்ச்சியாக அந்த வகுப்பில் இருந்தவர்கள் பிள்ளைகள் மட்டுந்தான். எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற சாட்சி அவர்களுடைய கொப்பிகளில் இருக்கிறது.

அதனால் பாடசாலை, ரியூசன், பெட்டிசம் என்று எதைப் பற்றி யோசிப்பதற்கும் முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அரசாங்கம் தந்த பத்தாம் தர, பதினோராம் தரக் கணிதப் பாடப்புத்தகங்களின் பொருளடக்கத்தை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு அலகுக்கும் எதிரே தங்கை மூன்றிலொரு குறியை இட வேண்டும்: வகுப்பில் நடந்து பயிற்சியும் செய்தது, அவசரமாக நடந்து பயிற்சி குறைந்தது, நடக்கவே இல்லை. நினைவிலிருந்து போடக் கூடாது. கொப்பியைப் புரட்டிப் பார்த்துப் போட வேண்டும். அவசரமாக நடந்தது என்ற இரண்டாவது வகைதான் பிள்ளைகள் மறைக்கும் வகை; கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதிய இரண்டு உதாரணக் கணக்குகள் கொப்பியில் இருந்தால், படித்ததாகவே நினைத்துக்கொள்வார்கள். உதாரணத்துக்குக் கீழே பிள்ளை தானாகச் செய்த கணக்குகள் இருக்கின்றனவா, அவற்றை யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

பட்டியல் வந்ததும், எந்த அலகு எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பத்தாம் தரத்தில் காரணிப்படுத்தல் தடுமாறினால், பதினோராம் தரத்தின் அட்சரகணிதப் பின்னமும் இருபடிச் சமன்பாடும் விளங்கா. மடக்கை அட்டவணையைப் பார்க்கத் தெரியாவிட்டால், திண்மங்களின் கனவளவு பற்றிய வினாவில் சூத்திரம் வரைக்கும் சரியாக எழுதிவிட்டுக் கடைசிப் படியில் புள்ளிகளை இழக்க நேரிடும். பைதகரசின் தேற்றம் வராமல் திரிகோணகணிதம் வராது. வட்டத்தின் கோணங்கள் பற்றிய பத்தாம் தரத் தேற்றங்கள் தெரியாத பிள்ளைக்கு வட்ட நாற்பக்கலும் தொடலியும் மனப்பாடப் பாடங்களாகிவிடும். இந்தச் சங்கிலி அலகுகளுக்கு ஆள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து எந்த வரியில் பிழைக்கிறது என்று காட்டுகிற ஒருவர் வேண்டும். மறுபுறம், தாயங்கள், தொடைகள், நிகழ்தகவு, பங்குகள் முதலியவை பெரும்பாலும் தனித்து நிற்பவை. கூட்டவும் பெருக்கவும் தெரிந்த பிள்ளை பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே தாயங்களைப் படித்துவிடலாம். ஆகையால் நடக்காத அலகுகளுக்குள் தனித்து நிற்பவற்றைத் தங்கை உடனடியாகத் தொடங்கட்டும். இரண்டு மூன்று அலகுகள் தன் முயற்சியால் கைவந்த பிறகு, கணிதம் போய்விட்டது என்ற பயம் பாதி இறங்கிவிடும். வலயத்தில் கணித ஆசிரிய ஆலோசகராக வேலை செய்த காலத்தில், பின்தங்கிய வகுப்புகளை நாங்கள் இந்த வரிசையில்தான் தூக்கி நிறுத்தினோம். சங்கிலியின் அடியிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள்.

ஆசிரியரிடம் எப்படிப் போவது என்பதும் இந்தப் பட்டியலிலிருந்தே வரும். ஒரு பிள்ளை வகுப்பின் நடுவில் எழுந்து, சேர் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால், முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் முடியாத பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு தவிக்கும் ஒருவருக்கு அது ஒரு தடையாகத் தோன்றலாம். அதே பிள்ளை இன்னும் நாலைந்து பேருடன் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போய், பத்தாம் தரத்தில் இந்த மூன்று அலகுகளும் எங்கள் வகுப்புக்கு நடக்கவில்லை என்று தாளைக் காட்டினால், அது அவருக்கே உதவி. வகுப்பு எங்கே நிற்கிறது என்று புதிதாக வந்தவருக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தங்கைக்குத் தனியே போகக் கூச்சம் என்றால் வகுப்பாசிரியர் மூலம் போகலாம். பாடசாலை முடிந்த பிறகு பதினோராம் தரத்துக்கு மாலை வகுப்பு வைக்கும் வழக்கம் நம் பகுதிப் பாடசாலைகளில் உண்டு. அதில் இரண்டு நாட்களை விட்டுப்போன அலகுகளுக்கு ஒதுக்கும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. கடைசி பஸ்ஸுக்கு முன்னர் முடிய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள், இல்லாவிட்டால் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வாரத்தோடு நின்றுவிடுவார்கள்.

உங்கள் அம்மாவோ அப்பாவோ ஒருநாள் பாடசாலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வேலை நாளில் போனால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளந்தான், விழும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் ஊருக்கு வரும் போயா விடுமுறையில் பாடசாலை மூடியிருக்கும் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அந்த அரைநாள் வீண்போகாது. கையில் பட்டியலும் விடைத்தாளும் இருக்கட்டும். வகுப்பாசிரியரையும் கணித ஆசிரியரையும் ஒன்றாகச் சந்திக்க நேரம் கேட்டுவிட்டுப் போகட்டும். படிக்காதவர்கள் போய் என்ன பேசுவது என்று அம்மா சொன்னால், தாளைக் கொடுத்து, இதில் என்ன செய்யலாம் சேர் என்று கேட்டாலே போதும் என்று சொல்லுங்கள்.

பெட்டிசம் வேண்டாம். வலயப் பணிமனைக்குப் போகிற முறைப்பாடு பெரும்பாலும் விளக்கம் கேட்டு அதிபரிடமே திரும்பி வரும். யார் எழுதினார்கள் என்று சிறிய ஊரில் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அந்த ஆசிரியரும் மனம் வெறுத்து இடமாற்றம் கேட்டால் நான்காவது ஆளைத் தேட வேண்டியதுதான். குறை சொல்லும் கடிதத்துக்குப் பதிலாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில், அதிபர் வழியாக, விட்டுப்போன அலகுகளுக்குக் கணித ஆசிரிய ஆலோசகரை ஒருமுறை அனுப்பும்படி கேட்டு எழுதலாம். அப்படியான கடிதத்தை எந்தப் பணிமனையும் பகைமையாகப் பார்ப்பதில்லை.

இரண்டாவதாக வந்த டீச்சர் மேல் கோபம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பிரசவ விடுமுறை அவருடைய உரிமை. முழுச் சம்பளத்துடன் 84 நாட்கள் உண்டு, அதற்கு மேலும் நீடிக்க விதி இடம் தருகிறது. சிக்கல் என்னவென்றால், விடுமுறையிலிருப்பவரின் இடம் வெற்றிடமாகக் கணக்கில் வராது. ஆகவே பதிலாளை அனுப்பும்படி வலயத்தை வற்புறுத்துவதும் எளிதல்ல. இவ்வளவு சீக்கிரம் ஒருவர் கிடைத்திருக்கிறார் என்றால் அதற்காக உங்கள் அதிபர் பல தடவை படியேறியிருக்க வேண்டும். மலையகத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் தட்டுப்படுவது பழைய கதை. 1940களில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1970களிலிருந்துதான் படிப்படியாக அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு தமிழில் நடக்கும் பாடசாலைகள் குறைவாக இருந்தால் விஞ்ஞானப் பட்டதாரிகள் குறைவாக வருவார்கள், பட்டதாரிகள் குறைந்தால் அந்தப் பிரிவைப் புதிதாகத் தொடங்கவும் முடியாது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். வெளி மாவட்டங்களிலிருந்து வருகிற ஆசிரியர்கள் குறித்த காலம் சேவை செய்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பதும் இயற்கைதான், அவர்களுக்கும் வீடு உண்டு.

விஞ்ஞானப் புள்ளி 72இலிருந்து 58 ஆனதற்கு நீங்கள் காரணம் எதுவும் எழுதவில்லை, ஆசிரியர் மாறியதாகவும் சொல்லவில்லை. அந்த விடைத்தாளையும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உயிரியல் பகுதியில் குறையாமல், கணக்கீடு வரும் இடங்களில் மட்டும் குறைந்திருந்தால், அது கணிதத்தின் நிழல். கணிதம் சரியாகும்போது இதுவும் ஏறும். இதை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உயிரியல் பிரிவு என்று பெயர் இருந்தாலும், அங்கே இரசாயனவியலும் உண்டு, மூன்றாவது பாடமாகப் பௌதிகவியலோ விவசாய விஞ்ஞானமோ எடுக்க வேண்டும். தவளையும் இதயமும் வரையப் பிடிக்கும் என்று அந்தப் பிரிவுக்குப் போய், பௌதிகவியலில் விழுந்து இரண்டாம் ஆண்டில் கலைப் பிரிவுக்கு மாறிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கைக்கு உயிரியலில் உள்ள ஆசை உண்மையானதா என்று சோதிக்க வேண்டுமானால், மின்னோட்டமும் வெப்பமும் பற்றிய அலகுகளில் எவ்வளவு பொறுமையாக உட்காருகிறார் என்று பாருங்கள்.

ஆங்கிலம் 34 என்று எழுதிவிட்டு அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டீர்கள். 35 எடுத்தால் சாதாரண சித்தி. ஒரு புள்ளியில் நிற்கிறது. கணித ஆசிரியர்கள் மாறியதால் ஆங்கிலம் விழுந்திருக்க முடியாது. உயர்தரத்துக்குப் போக ஆங்கிலச் சித்தி கட்டாயமில்லை என்றாலும், பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானக் கற்கைநெறிகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. உயிரியல் கனவு இருக்கிற வீட்டில் இந்தப் புள்ளியைத்தான் நான் முதலில் கவனித்திருப்பேன். தினமும் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைத் தொலைபேசியில் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் கடையில் ஆங்கிலம் பேசுகிறவராக இருந்தால் பத்து நிமிடங்கள் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். தங்கையின் படிப்பில் கொழும்பிலிருந்தபடியே நீங்கள் நேரடியாகச் செய்யக்கூடிய உதவி இது.

சூம் வகுப்பைப் பொறுத்தவரையில், தங்கையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போது அங்கே எந்த அலகு நடக்கிறது? கடைசியாக எப்போது ஒரு சந்தேகம் கேட்டு விடை கிடைத்தது? மழை நாட்களில் சிக்னல் நிற்கிறதா? பெரிய இணைய வகுப்புகள் தமக்கென ஒரு வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும்; உங்கள் தங்கைக்கு விட்டுப்போன அலகுக்காக அவை நிற்க மாட்டா. அந்தப் பணத்தைத் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிற ஒரு அக்காவுக்குக் கொடுங்கள். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் நீண்ட காலம் சும்மா கழிகிறது. கணிதமோ விஞ்ஞானமோ படித்த ஒருவர் வாரத்தில் இரண்டு மாலைகள் தங்கையுடனும் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளுடனும் உட்கார்ந்து, பட்டியலிலுள்ள சங்கிலி அலகுகளை மட்டும் எடுத்தால் போதும். கடந்தகால வினாத்தாள்களுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அவை பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. புறக்கோட்டையில் பிரதி எடுத்து ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக உயர்தரம். அதற்குரிய பொது விதி, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும் என்பது. 50 புள்ளிகளில் திறமைச் சித்தி தொடங்குகிறது. தமிழ், வரலாறு, விஞ்ஞானம் மூன்றிலும் தங்கை இப்போதே திறமைச் சித்திப் புள்ளியில் நிற்கிறார், கணிதமும் சித்திதான்; நீங்கள் புள்ளி எழுதாத சமயத்திலும் தொகுதிப் பாடங்களிலும் இன்னும் இரண்டு சித்திகள் இருந்தால் அந்தக் குறைந்தபட்சம் கைக்கெட்டிவிடும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். விஞ்ஞானப் பிரிவுக்கு எடுக்கும் பாடசாலைகள் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் இதைவிட அதிகமாக எதிர்பார்க்கும். ஆகவே கணிதத்தை 60க்கு மேல் மீட்பதுதான் இந்த ஆண்டின் இலக்கு.

ஹட்டனில் எந்தப் பாடசாலை என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் விசாரிக்கத் தொடங்கலாம். வாசலில் தொங்கும் பெறுபேற்றுப் பதாகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுக்கும் தமிழ்மொழி மூலம் நிரந்தர ஆசிரியர்கள் இப்போது இருக்கிறார்களா, அவர்களுள் யாராவது இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா, சென்ற முறை அந்தப் பிரிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். தங்குமிடத்தையும் சேர்த்து விசாரியுங்கள். சாமிமலையிலிருந்து நாளாந்தம் ஹட்டன் போய் வந்து விஞ்ஞானம் படிப்பது இயலாத காரியமல்ல என்றாலும் கடினமானது. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டம் மஸ்கெலியாப் பாதையை நிறைத்துவிடும். அது முடிந்ததும் தென்மேல் பருவமழையும் மண்சரிவும் தொடங்கிவிடும். ஹட்டனிலோ டிக்கோயாவிலோ உறவினர் வீடு இருந்தால், வத்தளைச் சித்தி வீட்டைவிட அதுவே தங்கைக்குப் பயன்படும். விஞ்ஞானப் பிரிவு கிடைக்காவிட்டால் 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலும் இருக்கிறது. அந்தப் பிரிவு எங்கே தமிழில் நடக்கிறது என்பதையும் அதே பயணத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சூம் வகுப்புக்கு இந்த மாதக் கட்டணம் இன்னும் கட்டவில்லையென்றால், கட்டுவதை நிறுத்தி வையுங்கள். அலகுப் பட்டியலைத் தங்கை எழுதி முடித்ததும் அதன் படத்தையும் கணித விடைத்தாளின் படங்களையும் எனக்கு அனுப்பினால், எந்த அலகை எந்த வாரத்தில் எடுப்பது என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.